நண்பர்களோடு வீட்டில் ஒரு படம்: ஓய்வான ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஞாயிறு மாலை தூர்தர்ஷனில் தமிழ்ப் படம் ஓடிய காலத்தில், எங்கள் வீட்டு ஹாலில் தெருவே உட்கார்ந்திருக்கும். அம்மா மட்டும் அடுப்படி நிலைப்படியில் நிற்பார், கையில் கரண்டியோடு. பாட்டு வந்தால் இரண்டடி உள்ளே வருவார். குக்கர் சத்தம் போட்டால் திரும்பிப் போய்விடுவார். படம் முடிந்து எல்லோரும் போன பிறகு, பாத்திரம் தேய்த்துக்கொண்டே என்னிடம் கேட்பார்: "அந்தப் பொண்ணுக்குக் கடைசியில என்னடி ஆச்சு?" நான் கதை சொல்வேன். அம்மா பார்த்த படங்களில் பாதி, இப்படி என் வாயால் கேட்டதுதான்.

கல்யாணமாகி மதுரையிலேயே தனி வீடு வந்த பிறகு, நானும் நண்பர்களைப் படம் பார்க்க வீட்டுக்குக் கூப்பிட ஆரம்பித்தேன். முதல் இரண்டு முறையும் நான் நின்ற இடம் அதே நிலைப்படி. அப்போதுதான் ஒரு முடிவு எடுத்தேன். எங்கள் வீட்டில் படம் போட்டால் அழைத்தவர்களும் வந்தவர்களும் எல்லோரும் முழுப் படத்தையும் உட்கார்ந்து பார்க்க வேண்டும். கீழே சொல்லியிருக்கும் ஒவ்வொன்றும், தேதி பார்ப்பதிலிருந்து பஜ்ஜி மாவு கரைப்பது வரை, அந்த ஒரு முடிவிலிருந்து வந்தது. பல வருடங்களாக இப்படித்தான் செய்கிறோம்.

நாள் குறிப்பது

ஞாயிற்றுக்கிழமைதான் வசதி என்று எல்லோருக்கும் தெரியும். எந்த ஞாயிறு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. தை, வைகாசி, ஆவணி மாதங்களில் ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தமாக அமைந்துவிட்டால் நான்கு பேரில் மூன்று பேர் ஏதாவது மண்டபத்தில் இருப்பார்கள். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் அந்த இரண்டு மாதங்களில் பெரும்பாலும் ஆட்கள் கிடைப்பார்கள்.

இரண்டில் எனக்குப் பிடித்தது மார்கழி. ஆடி ஞாயிறு என்றால் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றுவார்கள், தெருமுனையில் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருப்பார்கள். அந்தச் சத்தத்தோடு எந்த டிவியும் போட்டி போட முடியாது. அன்றைக்குக் கோயிலுக்குப் போய்க் கூழ் குடித்துவிட்டு வருவதே சரி. மார்கழி என்பது டிசம்பர் நடுவிலிருந்து ஜனவரி நடு வரை. வெயில் குறைவு, ஜன்னலைச் சாத்தித் திரையை இழுத்துவிட்டாலும் புழுங்காது. மின்விசிறியைக் குறைத்து வைக்கலாம், அதனால் வசனம் தெளிவாகக் கேட்கும். அரையாண்டு விடுமுறை வேறு வருவதால் பிள்ளைகளுக்குப் பரீட்சைக் கவலை இல்லை.

ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்கு மாலை போட்டிருப்பவர்கள் பலர் சினிமா பார்ப்பதில்லை. அவர்களை அழைத்துவிட்டு அங்கே வந்து சங்கடப்பட வைக்கக் கூடாது. மாலையைக் கழற்றிய பிறகு ஒரு தேதி வைத்துக்கொள்ளலாம்.

நேரத்துக்கு ஒரு யோசனை. வீட்டில் பெரியவர்கள் வருவதாக இருந்தால் காலண்டரைப் பார்ப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை எமகண்டம் 12 முதல் 1.30 வரை, ராகு காலம் மாலை 4.30 முதல் 6 வரை. எனக்கு இது ஒரு தொந்தரவாகத் தோன்றியதே இல்லை. எமகண்டத்துக்கு முன்னால் எல்லோரும் வந்து சேர்ந்துவிடுவார்கள். படம் முடிந்த கையோடு யாரும் கிளம்ப மாட்டார்கள், "ராகு காலம் போகட்டும்" என்று உட்கார்ந்துவிடுவார்கள். அந்த ஒன்றரை மணி நேரம்தான் அன்றைய நாளின் மிக நல்ல பகுதி.

எத்தனை பேர்

எட்டுப் பேர். பிள்ளைகளையும் சேர்த்துச் சொல்கிறேன். எங்கள் வீட்டு ஹால் பத்துக்குப் பன்னிரண்டு அடி, அதற்கு எட்டுக்கு மேல் தாங்காது. அதைவிட முக்கியமாக, எட்டுப் பேர் வரைக்கும்தான் ஒரே பேச்சு ஓடும். பத்துப் பேர் ஆனால் மூலைக்கு மூலை தனிப் பேச்சு ஆகிவிடும், படத்தின் நடுவிலும் அது நிற்காது.

ஒருவரையொருவர் தெரியாத இரண்டு குடும்பங்களை முதல் தடவையாகச் சேர்த்து அழைப்பதற்குப் படம் பார்ப்பது நல்ல வழி. பேச விஷயமில்லாமல் தவிக்க வேண்டியதில்லை, படமே விஷயம் தரும். எங்கள் மாடியில் குடியிருந்த குடும்பமும் என் பள்ளித் தோழியும் இப்படித்தான் பழக்கமானார்கள். இன்றைக்கு அவர்கள் என்னிடம் சொல்லாமலேயே சேர்ந்து ஊருக்குப் போகிறார்கள்.

படம் ஒன்றே ஒன்று

எண்பதுகளில் டிவியையும் கேசட் போட்டுப் பார்க்கும் வீடியோ டெக்கையும் ஒரு ராத்திரிக்கு வாடகைக்கு எடுப்போம். கூடவே மூன்று நான்கு கேசட். விடிய விடியப் பார்த்தால்தான் கொடுத்த காசுக்கு ஈடு. முதல் படம் எல்லோருக்கும் நினைவிருக்கும். மூன்றாவது படம் யாருக்குமே நினைவில்லை, பாதிப் பேர் அங்கேயே தூங்கிப் போயிருப்பார்கள். இப்போது வாடகைக் கணக்கு இல்லை. ஒரு படம் போதும். இரண்டாவது படத்துக்கான நேரத்தைப் பேச்சுக்கு விடுங்கள்.

எந்தப் படம் என்பதைப் படம் போடும் நேரத்தில் முடிவு செய்யக் கூடாது. ரிமோட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஓடிடி பக்கங்களை உருட்டினால் முக்கால் மணி நேரம் போய்விடும், கடைசியில் யாருக்கும் பிடிக்காத ஒன்று ஓடும். நான் செய்வது இதுதான்: வியாழக்கிழமை வாட்ஸ்ஆப்பில் மூன்று படங்களின் பெயரைப் போடுவேன். வெள்ளி இரவுக்குள் ஆளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அதிகம் பேர் சொன்னது ஓடும். மூன்றையும் நான் முன்பே பார்த்திருப்பேன். அழைத்தவருக்குப் படம் தெரிந்திருந்தால் நடுவில் எது வரும், எங்கே நிறுத்தலாம் என்பது தெரியும். பெரியவர்கள் முன்னால் நெளிய வேண்டிய காட்சியும் வராது.

மூன்று தலைமுறையும் சேர்ந்து உட்காரும்போது இதுவரை ஒருமுறைகூட ஏமாற்றாதது 'காதலிக்க நேரமில்லை'. 1964இல் ஸ்ரீதர் எடுத்த படம். நாகேஷ், பாலையாவை உட்கார வைத்துப் பேய்க்கதை சொல்லும் காட்சியில் என் மாமனாரும் என் ஒன்பது வயது மகனும் ஒரே நேரத்தில் சிரித்தார்கள். அந்தக் காட்சியில் பாலையாவின் முகத்தைப் பாருங்கள், கதை சொல்பவரைவிடக் கேட்பவர்தான் பயமுறுத்துகிறார். சின்னப் பிள்ளைகளுக்குப் பழைய படம் பிடிக்காது என்று நாமே முடிவு கட்டிவிடுகிறோம். பக்கத்தில் பெரியவர் ஒருவர் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அவர்களும் சிரிப்பார்கள்.

நடுத்தர வயது நண்பர்கள் மட்டும் என்றால் 'மைக்கேல் மதன காமராஜன்'. 1990இல் வந்தது, கமல்ஹாசனுக்கு நான்கு வேடம், வசனம் கிரேஸி மோகன். ஒரு சிரிப்பு அடங்குவதற்குள் அடுத்த இரண்டு வசனம் போய்விடும். அதனால் ஏற்கெனவே பார்த்தவர்களோடு பார்ப்பதே நல்லது. அமைதியான கூட்டம் என்றால் 1978இல் மகேந்திரன் இயக்கிய 'முள்ளும் மலரும்'. படம் முடிந்ததும் யாரும் உடனே பேசமாட்டார்கள். அந்த மௌனத்தைக் கலைக்காமல் டீ வைக்கப் போகலாம்.

பிள்ளைகள் இருந்தால் சான்றிதழைப் பார்த்துக்கொள்ளுங்கள். யு என்றால் எல்லோருக்கும். முன்பு ஒரே யு/ஏ இருந்தது. 2024 இறுதியிலிருந்து தணிக்கைக்குப் போகும் படங்களுக்கு அதை 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரித்துத் தருகிறார்கள். பழைய படங்களில் வெறும் யு/ஏ மட்டும் இருக்கும். அங்கே நீங்கள் முன்பே பார்த்திருப்பதுதான் காவல்.

சனிக்கிழமை மாலை: டிவியைச் சரிசெய்தல்

அரை மணி நேர வேலை. தவறாமல் செய்யுங்கள்.

முதலில் படம் இன்னும் அந்த ஓடிடியில் இருக்கிறதா என்று பாருங்கள். உரிமக் காலம் முடிந்தால் படங்கள் சத்தமில்லாமல் எடுக்கப்பட்டுவிடும். போன மாதம் இருந்தது இந்த மாதம் இருக்காது. இருந்தால், போட்டு ஐந்து நிமிடம் ஓட விடுங்கள். கடவுச்சொல் கேட்பது, ஆப் அப்டேட் கேட்பது எல்லாம் அப்போதே முடிந்துவிடும். இணையம் எவ்வளவு வேண்டும் என்றால், எச்டி தரத்துக்கு நொடிக்கு 5 மெகாபிட் வேகம் நிலையாக வந்தால் போதும். மணிக்கு ஏறக்குறைய 3 ஜிபி செலவாகும். கைப்பேசி ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் தினசரி 2 ஜிபி திட்டத்தை நம்பி உட்கார்ந்தால் இடைவேளைக்கு முன்பே நின்றுவிடும்.

அடுத்தது படத்தின் தோற்றம். டிவி செட்டிங்ஸில் படத் தேர்வுக்குப் போய் 'சினிமா' அல்லது 'மூவி' என்று இருப்பதை வையுங்கள். கடையில் பளிச்சென்று தெரிவதற்காக வைத்த 'விவிட்' முறையில் மனிதர்களின் முகம் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அப்புறம் 'மோஷன்' என்ற சொல்லோடு ஒரு வசதி இருக்கும், ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. அதை அணைத்துவிடுங்கள். சினிமா நொடிக்கு 24 ஃபிரேம் வீதம் எடுக்கப்படுகிறது. டிவி தானாகவே இடையில் புது ஃபிரேம்களை உருவாக்கிச் சொருகி அசைவை வழுவழுப்பாக்குகிறது. அதனால்தான் நல்ல படம்கூட சீரியல் மாதிரித் தெரிகிறது. அணைத்த பிறகு பாருங்கள், வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் ஏறக்குறைய சதுரமான சட்டத்தில் எடுக்கப்பட்டவை. அகலமான டிவியில் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். சினிமாஸ்கோப் படங்களுக்கு மேலும் கீழும் பட்டை வரும். தமிழில் அந்த அகலத் திரையை முதலில் கொண்டுவந்தது 1973இல் வந்த 'ராஜராஜ சோழன்'. பட்டை பிடிக்கவில்லை என்று திரை முழுவதும் இழுத்து வைக்காதீர்கள். சிவாஜியின் முகம் பூசணிக்காய் மாதிரி அகலமாகிவிடும். பட்டை இருக்கட்டும், பத்து நிமிடத்தில் கண் அதை மறந்துவிடும்.

மூன்றாவது, ஒலி. என் அனுபவத்தில் வீட்டில் படம் பார்ப்பது கெடுவதே இங்கேதான். பாட்டு காதைப் பிளக்கும், வசனம் கேட்காது, ரிமோட்டை வைத்து ஏற்றி இறக்கிக்கொண்டே இருப்போம். காரணம் இருக்கிறது. தியேட்டருக்கான 5.1 ஒலியில், அதாவது ஆறு தனித்தனித் தடங்களில் வரும் ஒலியில், வசனம் பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பதிவாகியிருக்கும். நம் டிவியில் நடு ஸ்பீக்கர் இல்லை, இருப்பது இரண்டு சின்ன ஸ்பீக்கர், அவையும் கீழ்நோக்கியோ பின்பக்கமாகவோ பார்த்திருக்கும். ஆறு தடத்தையும் அந்த இரண்டில் அமுக்கும்போது வசனம் அடிபட்டுப் போகிறது. ஓடிடியில் ஒலித் தேர்வுக்குப் போய் 5.1க்குப் பதிலாகச் சாதா ஸ்டீரியோ இருந்தால் அதை வையுங்கள். டிவியின் ஒலி அமைப்பில் 'டயலாக்', 'கிளியர் வாய்ஸ்' என்று ஏதாவது இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள். சவுண்ட் பார் வைத்திருப்பவர்கள் அதன் வயரை டிவியில் ஏஆர்சி என்று எழுதியிருக்கும் எச்டிஎம்ஐ துளையில் செருக வேண்டும். வேறு துளையில் செருகிவிட்டு ஒலி வரவில்லை என்று தவித்த நண்பர்கள் பலர்.

ஹாலின் தரையும் ஒலியைக் கெடுக்கும். டைல்ஸ் தரை, வெறும் சுவர், கண்ணாடி ஜன்னல் என்றால் குரல் எதிரொலித்துக் குழம்பும். ஒரு பெரிய ஜமுக்காளத்தை விரித்து நாலு தலையணையைப் போடுங்கள். பவானி ஜமுக்காளம் ஒன்று எங்கள் வீட்டில் கல்யாணச் சீராக வந்தது. வருடத்தில் பாதி நாள் பரணில் கிடக்கும். அதை விரித்த நாளில்தான் வசனம் இத்தனை தெளிவாகக் கேட்கும் என்பதே எங்களுக்குத் தெரிந்தது.

உட்காரும் தூரத்துக்கு ஓர் எளிய கணக்கு: டிவித் திரையின் மூலைக்கு மூலை குறுக்களவை 1.6 ஆல் பெருக்குங்கள். 43 அங்குல டிவி என்றால் 69 அங்குலம், அதாவது ஆறடிக்குக் கொஞ்சம் குறைவு. 55 அங்குலம் என்றால் ஏழேகால் அடி. பிள்ளைகள் முன்னால் ஜமுக்காளத்தில், பெரியவர்கள் பின்னால் நாற்காலியில். ஓரத்தில் உட்காருபவர்களுக்குப் பல டிவிகளில் நிறம் வெளுத்துத் தெரியும், அதனால் வரிசையை அகலமாக்காமல் இரண்டு வரிசையாக்குங்கள். மூட்டு வலி உள்ளவர்களுக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி ஒன்றைத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். கேட்டால் "பரவாயில்லம்மா, கீழேயே உக்காந்துக்கிறேன்" என்பார்கள். கேட்காமல் போட்டு வைத்தால் உட்காருவார்கள்.

சாப்பாடு: படத்துக்கு முன்னாலேயே முடிந்திருக்க வேண்டும்

இங்கேதான் அம்மாவை நினைத்துக்கொள்கிறேன். ஆட்கள் வரும் நாளில் சோறு, குழம்பு, ரசம், கூட்டு, பொரியல் என்று இறங்கினால் சமைத்தவர் படம் பார்க்க முடியாது. பிரியாணியும் வேண்டாம். அதைச் சாப்பிட்டுவிட்டு மதியம் உட்கார்ந்தால் எல்லோருக்கும் கண் செருகும்.

எங்கள் வழக்கம் புளியோதரை, தயிர் சாதம், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம். எட்டுப் பேருக்கு இரண்டு சாதத்துக்குமாகச் சேர்த்து ஒரு கிலோ அரிசி சரியாக இருக்கும். புளிக்காய்ச்சலை வெள்ளிக்கிழமையே நல்லெண்ணெய் பிரியும்வரை கொதிக்க வைத்து எடுத்து வைத்துவிடுவேன். இரண்டு நாள் ஊறினால் இன்னும் நன்றாக இருக்கும். ஞாயிறு காலை சாதத்தை வடித்துத் தட்டில் ஆறவிட்டுக் கலந்தால் வேலை முடிந்தது. தயிர் சாதத்தைக் காலையில் கலக்கும்போது தயிரைக் குறைத்துப் பாலை அதிகமாக ஊற்றுங்கள். மதியம் சாப்பிடும் நேரத்தில் சரியான பதத்தில் புளித்திருக்கும். முழுக்கத் தயிர் ஊற்றினால் மதியத்துக்குள் புளித்துப் போகும். அப்பளத்தைக் காலையிலேயே பொரித்து, ஆறியதும் இறுக்கமாக மூடும் டப்பாவில் போட்டால் மொறுமொறுப்பு போகாது. உருளை வறுவல் மட்டும் சூடாக இருந்தால் நல்லது, அதை ஒருவர் பரிமாறும் நேரத்தில் ஒரு புரட்டுப் புரட்டிக்கொள்ளலாம்.

படம் ஓடும்போது கொறிக்கக் கொண்டைக்கடலைச் சுண்டல் அல்லது அவித்த வேர்க்கடலை. முறுக்கும் சீடையும் வேண்டாம். ஒருவர் கடித்தால் பக்கத்தில் இருக்கும் மூன்று பேருக்கு வசனம் போய்விடும். அவற்றை அப்புறம் பேசும்போது எடுக்கலாம். சுண்டலுக்கு எட்டுப் பேருக்கு 300 கிராம் கடலையைச் சனி இரவே ஊற வையுங்கள். காலையில் உப்புப் போட்டு ஐந்தாறு விசில், தாளித்துத் தேங்காய் தூவி, கிண்ணங்களில் பிரித்து வைத்துவிடுங்கள். ஆளுக்கொரு கிண்ணம் கையில் இருந்தால் யாரும் யாரையும் தாண்டிக் கையை நீட்ட வேண்டாம்.

தண்ணீர்ச் சொம்பும் டம்ளர்களும் ஹாலிலேயே இருக்கட்டும். "அக்கா, கொஞ்சம் தண்ணி" என்று யாராவது கேட்டால், எழுந்து போவது எப்போதும் ஒரே ஆளாகத்தான் இருக்கும்.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கு

வெறுங்கையோடு போகக் கூடாது என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் எதை எடுத்துப் போவது என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். மூன்று குடும்பமும் மூன்று கிலோ ஸ்வீட் வாங்கிவந்தால் அது அந்த வீட்டு ஃபிரிஜ்ஜில் ஒரு வாரம் கிடக்கும். பழம் எப்போதும் நல்லது. பூ வாங்கலாம், ஆனால் மார்கழிப் பனியில் வரத்து குறைந்து மதுரையிலேயே மல்லிகை விலை எங்கேயோ போய்விடும், யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். என்னிடம் யாராவது கேட்டால், "வாழைக்காய் நாலு வாங்கிட்டு வாங்க அண்ணி" என்று சொல்லிவிடுவேன். மாலை பஜ்ஜிக்கு ஆகும்.

சொன்ன நேரத்துக்குப் போங்கள். பதினொன்றேகாலுக்குப் படம் என்றால் பத்தரைக்குள். தாமதமானால் போன் செய்து, "நீங்க ஆரம்பிச்சிருங்க" என்று மனதாரச் சொல்லுங்கள். அந்த வீட்டில் ஒரு வேலையைக் கேட்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிட்ட தட்டுகளைச் சேர்ப்பதோ, பிள்ளைகளுக்கு ஊட்டுவதோ, எதுவானாலும் சரி. ஆண்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன். எங்கள் நண்பர் ஒருவர் வந்தவுடன் சட்டைக் கையை மடித்துவிட்டு வெங்காயம் நறுக்க உட்கார்ந்துவிடுவார். அவர் வருகிறார் என்றாலே எனக்கு ஒரு நிம்மதி.

அன்றைக்கு

பத்தரைக்கு எல்லோரும் வந்துவிட்டால் காபி. பதினொன்றேகாலுக்குப் படம். அதற்குள் வழிச் செய்தி, பிள்ளைகள் வளர்ந்த செய்தி எல்லாம் ஒரு சுற்று முடிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் அது படத்துக்குள் வந்துவிடும். கைப்பேசிகளைச் சத்தமில்லாமல் வைத்து அலமாரியில் அடுக்கச் சொல்வேன். முதலில் தயங்கினார்கள், இப்போது அவர்களே வந்ததும் வைத்துவிடுகிறார்கள். வயதான பெற்றோரையோ சின்னக் குழந்தையையோ வீட்டில் விட்டு வந்தவர்கள் கையிலேயே வைத்துக்கொள்ளட்டும்.

இடைவேளை என்று திரையில் எழுத்து வரும் இடத்தில் படத்தை நிறுத்துங்கள். நம் படங்கள் அந்த இடத்தை மனதில் வைத்துத்தான் எழுதப்படுகின்றன. கதை ஒரு திருப்பத்தில் நிற்கும், மனதுக்குள் ஒரு கேள்வி இருக்கும். வீட்டில் ஓடிடியில் அது வந்த சுவடே தெரியாமல் ஓடிவிடுகிறது. நாங்கள் அங்கே நிறுத்திச் சாப்பிட உட்காருவோம். மணி பன்னிரண்டரை, ஒன்று இருக்கும். சாப்பிடும்போது வேறு பேச்சே வராது. பார்க்காதவர்கள் அடுத்து என்ன நடக்கும் என்று ஆளுக்கொரு கதை சொல்வார்கள். பார்த்தவர்கள் வாயை மூடிக்கொண்டு புளியோதரையைப் பிசைவார்கள். ஒருமுறை ஆறாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி சொன்ன முடிவு, படத்தின் முடிவைவிட நன்றாக இருந்தது. அதை இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மகிழ்கிறோம்.

சாப்பிட்ட பாத்திரங்களைத் தொட்டியில் தண்ணீர் ஊற்றிப் போட்டுவிட்டு வந்துவிடுங்கள். தேய்க்க வேண்டாம். இரண்டாம் பாதி மூன்று மணிக்கு முன்னால் முடிந்துவிடும். யாராவது தூங்கிப்போனால் எழுப்பாதீர்கள். வாரம் முழுக்க ஓடுகிற உடம்பு, நண்பர் வீட்டு ஜமுக்காளத்தில் நிம்மதியாகக் கண்ணயர்ந்தால் அதுவும் நல்லதுதான்.

மின்சாரம் போய்விட்டால்? இன்வெர்ட்டர் டிவியையும் மோடத்தையும் சேர்த்துத் தாங்குமா என்று முன்பே பார்த்து வையுங்கள். மோடத்தை இன்வெர்ட்டர் லைனில் கொடுக்க மறந்தால் டிவி ஓடும், படம் ஓடாது. அதுவும் இல்லையென்றால் மீதிக் கதையைத் தெரிந்தவர் சொல்லட்டும். நான் சின்ன வயதில் அம்மாவுக்குச் சொன்னது மாதிரி.

பஜ்ஜி

நான்கு மணிக்கு எல்லோரும் அடுப்படிக்கு வந்துவிடுவார்கள். இதை நான் வேண்டுமென்றே படத்துக்குப் பிறகு வைத்திருக்கிறேன். படம் ஓடும்போது பஜ்ஜி போட்டால் ஒருவர் அடுப்படியில் மாட்டிக்கொள்வார். படம் முடிந்து போட்டால் அடுப்படியே ஹாலாகிவிடும்.

வாழைக்காயின் மேல்தோலை மட்டும் லேசாகச் சீவிவிட்டு, நீளவாக்கில் மெல்லிய துண்டுகளாக அரிந்து உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. கடலை மாவு இரண்டு கப், அரிசி மாவு அரை கப், மிளகாய்த்தூள் இரண்டு தேக்கரண்டி, பெருங்காயம், உப்பு, ஒரு சிட்டிகை சோடா. தண்ணீரை ஒரே தடவையாக ஊற்றாமல் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக் கரையுங்கள். துண்டை முக்கித் தூக்கினால் மாவு முழுதும் ஒட்டியிருக்க வேண்டும், ஆனால் ஒரு சொட்டு கீழே சொட்ட வேண்டும். அதுதான் பதம். காய்ந்த எண்ணெயில் ஒரு கரண்டி எடுத்து மாவில் ஊற்றிக் கலக்கினால் மேல் மாவு மொறுமொறுவென்று வரும். எண்ணெயில் ஒரு துளி மாவை விட்டுப் பாருங்கள். அது அடியில் தங்கினால் இன்னும் காயவில்லை, போட்டவுடன் கறுத்தால் அதிகம் காய்ந்துவிட்டது, ஒரு நொடியில் மேலே வந்து மிதந்தால் சரி. ஒரு தடவைக்கு ஐந்தாறுக்கு மேல் போடாதீர்கள். எண்ணெய் சூடு இறங்கினால் பஜ்ஜி எண்ணெயைக் குடிக்கும்.

ஒருவர் அரிய, ஒருவர் முக்கிப் போட, ஒருவர் திருப்ப, மற்றவர்கள் சுற்றி நின்று தட்டில் விழுந்ததை விழுந்த உடனே எடுத்துக்கொண்டிருப்பார்கள். படத்தைப் பற்றிய பேச்சு இங்கேதான் விரியும். வில்லன் செய்தது தப்பா, அந்தப் பெண் ஏன் திரும்பிப் போனாள், எங்கள் அத்தை வீட்டில் இதே மாதிரி நடந்தது என்று. ஹாலில் எதிரெதிராக உட்கார்ந்து சொல்லாத விஷயங்களையெல்லாம், கடாயைப் பார்த்து நின்றுகொண்டு சொல்லிவிடுகிறார்கள். ஒரு தோழி தன் வேலை போனதை முதன்முதலில் எங்களிடம் சொன்னது, பஜ்ஜி திருப்பிக்கொண்டிருந்தபோதுதான்.

பக்கத்து அடுப்பில் டீ. எட்டுப் பேருக்கு முக்கால் லிட்டர் பால், அரை லிட்டர் தண்ணீர், எட்டுத் தேக்கரண்டி டீத்தூள், தட்டிய இஞ்சி ஒரு துண்டு. தண்ணீரில் இஞ்சியும் தூளும் நன்றாகக் கொதித்த பிறகு பாலை ஊற்றுங்கள். சர்க்கரையைத் தனியாக வையுங்கள், இந்த வயதில் பாதிப் பேருக்கு வேண்டாம்.

தொட்டியில் கிடக்கும் பாத்திரங்களை டீக்குப் பிறகு இரண்டு பேர் தேய்க்க, இரண்டு பேர் துடைத்து அடுக்கினால் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். விருந்தாளி தேய்க்கக் கூடாது என்று தடுக்காதீர்கள். நான் தடுப்பதில்லை.

ஆறு மணி ஆனதும் ஒருவர் காலண்டரைப் பார்ப்பார். "சரி, ராகு காலம் முடிஞ்சிருச்சு, போய்ட்டு வரோம்" என்பார்கள். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு இன்னும் இருபது நிமிடம் பேச்சு ஓடும். அதற்கும் சேர்த்து நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கொண்டுவந்த டப்பாவை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது, மீதிச் சுண்டலோ நான்கு பஜ்ஜியோ போட்டுக் கொடுங்கள். அடுத்த படத்தை யார் வீட்டில் பார்ப்பது என்பதையும் அந்த வாசலிலேயே பேசி வைத்துவிடுங்கள்.

போன மார்கழியில் அம்மாவும் வந்திருந்தார். கைப்பிடி நாற்காலியில் முதல் வரிசைக்குப் பின்னால் உட்கார்ந்து, எழுத்துப் போடுவதிலிருந்து 'வணக்கம்' வரை பார்த்தார். நடுவில் குக்கர் சத்தம் எதுவும் வரவில்லை. இரவு போனில், ஊரில் இருக்கும் சித்திக்கு அந்தப் படத்தின் கதையை முதலிலிருந்து கடைசிவரை அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்.